எடையற்ற கோல் எங்கே கிடைக்கும்?

ஓ லெவல் இயற்பியலில் சமநிலை என்ற பாடம் ரெண்டு வரியில் முடிஞ்சிடும். ஒரு பொருள் மீது செயல்படும் விசைகளை எல்லாம் திசையோடு சேர்த்துக் கூட்டினால் பூஜ்யம் வரணும். ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிய திருப்புத்திறன்களை எல்லாம் கூட்டினால் அதுவும் பூஜ்யம் வரணும். முதல் நிபந்தனை இருந்தால் பொருள் நகரத் தொடங்காது. இரண்டாவதும் இருந்தால் சுழலத் தொடங்காது. அவ்வளவுதான்.

இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுவாங்க. ஆனா ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் பொருள் மேல என்னென்ன விசை இருக்கு, ஒண்ணு விடாம வரை" என்று கேட்டால் பேனா நின்னுடும். கூட்டிப் பூஜ்யத்துக்குச் சமம் போடுவது கணக்கு வேலை. எதையெல்லாம் கூட்டணும் என்று கண்டுபிடிப்பதுதான் இயற்பியல். அதிலும் அடிக்கடி விட்டுப்போகும் விசை ஒண்ணு இருக்கு: பொருளின் சொந்த எடை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிடுறேன். சமநிலை என்றால் அசையாமல் இருப்பது என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. பிடோக்கிலிருந்து தானா மேரா போகும் ரயில் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ளே நிற்கும் நீங்களும் சமநிலையில்தான் இருக்கீங்க. பிரேக் போட்டதும் முன்னால் சாயுறீங்களே, அப்போதான் சமநிலை போச்சு. சரி, நாம இன்னிக்கு நிற்கும் பொருள்களை மட்டும் பார்ப்போம்.

காவடித் தண்டு

தைப்பூசத்தில் இப்போ நாம பார்க்கும் பெரிய வளைவுக் காவடியை விட்டுடுங்க. பழைய காவடி என்பது ஒரு தண்டு, ரெண்டு முனையிலும் சுமை, நடுவில் தோள். இடும்பன் கதை உங்களுக்குத் தெரியும். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற ரெண்டு மலைகளையும் பிரம்மதண்டத்தில் கட்டி, பாம்புகளைக் கயிறாக்கித் தோளில் தூக்கி வந்தவன், பழனியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்க முடியாமல் நின்றான். இந்தக் கதைக்குள் இயற்பியல் ஒளிஞ்சிருக்கு என்று நிரூபிக்க நான் வரல. அந்த மாதிரிக் கட்டுரைகள் கதைக்கும் நியாயம் செய்யறதில்ல, இயற்பியலுக்கும் செய்யறதில்ல. எனக்கு வேண்டியது அந்தத் தண்டு மட்டும்தான்.

தண்டின் நீளம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் 12 கிலோ, மறுமுனையில் 8 கிலோ. தோள் எங்கே இருக்கணும்? கணக்கு சுலபமாக இருக்க ஒரு கிலோவின் எடையை 10 நியூட்டன் என்று எடுப்போம். தண்டின் எடையை இப்போதைக்கு மறந்துடுவோம்.

முதல் நிபந்தனை: கீழ்நோக்கி 120ம் 80ம், மொத்தம் 200 நியூட்டன். ஆக, தோள் மேல்நோக்கித் தரவேண்டியது 200 நியூட்டன். இதிலிருந்து தோள் எவ்வளவு தாங்கணும் என்று தெரிஞ்சது. எங்கே தாங்கணும் என்று தெரியல. நடு மத்தியில் தோளைக் கொடுத்து 200 நியூட்டன் தந்தாலும் முதல் நிபந்தனை சரியாத்தான் இருக்கும், ஆனா தண்டு 12 கிலோ பக்கம் சாய்ந்து விழும்.

இடத்தைச் சொல்வது இரண்டாவது நிபந்தனை. ஒரு விசையின் திருப்புத்திறன் என்பது அந்த விசையை, நாம எடுத்த புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. 12 கிலோ முனையிலிருந்து தோள் 0.6 மீட்டரில் இருந்தால், அந்தப் பக்கம் 120 × 0.6 = 72. இந்தப் பக்கம் 80 × 0.9 = 72. ஒன்று இடம்சுழி, மற்றது வலம்சுழி. பூஜ்யம்.

இங்கே தோளையே புள்ளியாக எடுத்தேன். காரணம், தோளின் விசைக்கு அந்தப் புள்ளியிலிருந்து தூரம் பூஜ்யம். தெரியாத விசை கணக்கை விட்டே போயிடும். ஆனா எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை மாறாது. நம்பலைன்னா 12 கிலோ முனையையே எடுத்துப் பாருங்க: தோள் 200 × 0.6 = 120, மறுமுனை 80 × 1.5 = 120. அதேதான்.

இப்போ மறந்த தண்டுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் "எடையற்ற கோல்" என்று போட்டிருக்கும். எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் அது. நம்ம தண்டு 2 கிலோ என்று வைத்தால், அதன் 20 நியூட்டன் தண்டின் மையத்தில், அதாவது 0.75 மீட்டரில் செயல்படும். மறுபடி கணக்குப் போட்டால் தோள் 12 கிலோ முனையிலிருந்து 61.4 சென்டிமீட்டரில் இருக்கணும், 220 நியூட்டன் தாங்கணும். முன்பு வந்த விடையிலிருந்து 1.4 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். தோளைச் சற்று நகர்த்தினால் சரியாயிடும்.

அதனால்தான் புத்தகம் தண்டின் எடையை விட்டது. விட்டது 2, வைத்தது 20. விட்டதுக்கும் வைத்ததுக்கும் உள்ள இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் விடணும். பார்க்காமல் விடுவது வேறு விஷயம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில்

பிடோக்கில் எழுபதுகளில் கட்டிய வீவக புளோக்குகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கிலைச் செருக இரும்புக் குழாய்கள் இருக்கும். புது வீடுகளில் கொடி மாட்டும் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனா திருப்புத்திறன் படிக்க அந்தப் பழைய குழாயை விட நல்ல ஆசிரியர் கிடையாது.

மூங்கில் 2.6 மீட்டர். அதில் 20 சென்டிமீட்டர் குழாய்க்குள், மிச்சம் 2.4 மீட்டர் வெளியே அந்தரத்தில். கிடையாக இருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஈரத் துணி மொத்தம் 4 கிலோ, ஒரே சீராகப் பரப்பியதால் அதன் எடை வெளியே 1.2 மீட்டரில் செயல்படுது. மூங்கிலே 2 கிலோ. அதன் மையம் குழாய் வாயிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி.

குழாய் எத்தனை விசை கொடுக்குது? இங்கேதான் பலர் "ஒண்ணு, மேல்நோக்கி 60 நியூட்டன்" என்பாங்க. முதல் நிபந்தனைக்கு அது போதும். ஆனா ஒரே ஒரு விசை, அதுவும் ஓரத்தில் இருந்தால், மூங்கில் சுழன்று கீழே போயிடுமே! குழாய் ரெண்டு விசை தரணும். குழாயின் வாய் மூங்கிலை மேலே தள்ளும். குழாய்க்குள் இருக்கும் முனை மேலே கிளம்பப் பார்க்கும், அதைக் குழாயின் மேல்பக்கம் கீழே அழுத்தும்.

வாயைப் புள்ளியாக எடுப்போம். துணி 40 × 1.2 = 48. மூங்கில் 20 × 1.1 = 22. மொத்தம் 70 நியூட்டன் மீட்டர். இதை எதிர்க்க உள்முனையில் இருக்கும் தூரம் வெறும் 0.2 மீட்டர். ஆக உள்முனையை அழுத்தும் விசை 350 நியூட்டன். அப்புறம் முதல் நிபந்தனைப்படி வாய் மேல்நோக்கித் தரும் விசை 350 + 60 = 410 நியூட்டன்.

கொஞ்சம் நின்னு பாருங்க. தொங்குவது மொத்தம் 6 கிலோ. குழாயின் வாய் தாங்குவது 41 கிலோவுக்குச் சமம். அம்மா துணி போடும்போது கனமான ஜீன்ஸை உள்பக்கமும் லேசான துண்டை முனையிலும் போடுவாங்க. திருப்புத்திறன் என்ற வார்த்தையைக் கேட்டிருக்கவே மாட்டாங்க, ஆனா தூரத்தைக் குறைக்கணும் என்பது கைக்குத் தெரியும்.

மூங்கிலின் சொந்த எடையை இங்கே விட்டிருந்தால்? உள்முனையில் 350க்குப் பதில் 240 என்று வந்திருக்கும். காவடித் தண்டில் 1.4 சென்டிமீட்டரோடு போன அதே 2 கிலோ, இங்கே விடையில் மூணில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிட்டது.

சாய்ந்தால் என்ன ஆகும்?

ரெண்டு நிபந்தனையும் சரியாக இருந்தும் ஒரு பொருள் விழலாம். பென்சிலைக் கூர்முனையில் நிறுத்தினால் ஒரு கணம் விசையும் பூஜ்யம், திருப்புத்திறனும் பூஜ்யம். துளி சாய்ந்தால் போச்சு. ஒரு பொருளைச் சற்றே சாய்த்தால் அது பழைய நிலைக்குத் திரும்புமா, மேலும் சாயுமா என்பது தனிக் கேள்வி. பதில் ஈர்ப்பு மையத்தின் உயரத்திலும், அடித்தளத்தின் அகலத்திலும் இருக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இழுத்த கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் தப்பிக்கும்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, சுமார் மூணு கிலோமீட்டர், இந்தப் பாடத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறாங்க. 70 கிலோ ஆள், அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டரில் என்று வைப்போம். காவடி 30 கிலோ, அதன் மையம் 1.8 மீட்டரில். ரெண்டையும் சேர்த்தால் (70 × 1 + 30 × 1.8) ÷ 100 = 1.24 மீட்டர். ஈர்ப்பு மையம் 24 சென்டிமீட்டர் மேலே போயிடுச்சு.

பாதங்களைச் சேர்த்து நின்றால் நடுவிலிருந்து ஓரம் வரை 15 சென்டிமீட்டர் என்போம். காவடி இல்லாமல் அவர் பக்கவாட்டில் எட்டரை டிகிரி வரை சாயலாம். காவடியோடு ஏழு டிகிரிகூட முழுசாக இல்லை. காலை அகட்டி அந்த 15 சென்டிமீட்டரை 30 ஆக்கினால் பதிமூணரை டிகிரிக்கு மேல் கிடைக்கும். காவடி ஆடுபவர்கள் முழங்காலை மடக்கி, காலை அகட்டி ஆடுவதைப் பார்த்திருப்பீங்க; ஒன்று மையத்தை இறக்குது, மற்றது அடியை அகலமாக்குது. கோயில் தேரிலும் இதே கதைதான். கனமான மரம் எல்லாம் அடியில், மேலே உயரமாகத் தெரிவது பெரும்பாலும் மூங்கிலும் துணியும்.

இந்தக் கணக்கிலும் பாருங்க, காவடியின் 30 கிலோவை மட்டும் போட்டு ஆளின் 70 கிலோவை விட்டால் மையம் 1.8 மீட்டர் என்று வரும். முழுத் தவறு.

ஓவன் ரோடு முனை

பெருமாள் கோயிலிலிருந்து சிராங்கூன் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஓவன் ரோடு வரும். இந்த முனையில் லியான் யாக் பில்டிங் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. 1971ல் கட்டியது. கீழே கார் நிறுத்துமிடம், தரைத்தளத்தில் வங்கி, அதன் மேல் இரவு விடுதி, அதற்கும் மேலே ஹோட்டல் நியூ வேர்ல்ட். ஊரே அதை ஹோட்டல் பெயரால்தான் நினைவு வைத்திருக்கு.

1986 மார்ச் 15, சனிக்கிழமை, மதியத்துக்கு முன் அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் முழுசாகச் சரிந்தது. 33 பேர் இறந்தாங்க. இடிபாட்டிலிருந்து 17 பேரை உயிரோடு மீட்டாங்க. அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்களும் தாமாக முன்வந்து, இடிபாட்டுக்கு அடியில் வழி தோண்டி உதவினாங்க. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க, அந்த நாட்களில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததைச் சொல்லுவாங்க.

எரிவாயு வெடிப்பா, குண்டா, பக்கத்தில் சுரங்க வேலை நடந்ததாலா என்று எல்லாம் பேச்சு இருந்தது. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்து சேர்ந்த இடம், நம்ம ஓ லெவல் பாடம். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்துக்குள் வரப்போகும் ஆட்கள், சாமான்களின் எடை இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை இல்லை. கான்கிரீட் தளம், உத்தரம், சுவர், தூண் ஆகியவற்றின் எடை கணக்கில் சேரவே இல்லை.

இது எவ்வளவு பெரிய விடுபடல் என்று புரிய, உங்க புளோக்கின் வாய்ட் டெக்கில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்க. கணக்குக்காக நானே சில எண்கள் வைக்கிறேன். 12 மாடி. ஒவ்வொரு மாடியிலும் இந்தத் தூணின் பங்கு 20 சதுர மீட்டர். தளத்தின் கனம் 15 சென்டிமீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. ஆக ஒரு சதுர மீட்டர் தளம் 360 கிலோ. 20 சதுர மீட்டருக்கு 7,200 கிலோ, 12 மாடிக்கு 86,400 கிலோ. அதாவது 86 டன்னுக்கு மேல். சுவரையும் உத்தரத்தையும் இன்னும் தொடவே இல்லை.

ஆட்களும் சாமான்களும்? வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்தால் 20 × 150 × 12 = 36,000 கிலோ. 36 டன். கட்டில், பீரோ, பூஜை அறை, தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் இதில் அடக்கம். 36ஐக் கணக்கில் வைத்து 86ஐ விடுவது எப்படிப்பட்ட வேலை என்று காவடித் தண்டோடு ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே விட்டது வைத்ததில் பத்தில் ஒன்று. இங்கே விட்டது வைத்ததைப் போல ரெண்டு மடங்குக்கு மேல்.

சரி, அப்போ 1971லிருந்து 1986 வரை அது எப்படி நின்னுச்சு? நல்ல கேள்வி இது, ஏன்னா இங்கேதான் சமநிலை நிபந்தனையின் எல்லை தெரியுது.

அந்தப் பதினைந்து வருஷத்தில் ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டடம் சமநிலையில்தான் இருந்தது. விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம், திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். பேப்பரில் எந்த எண் எழுதியிருந்தாலும் தூணுக்குக் கவலை இல்லை. மேலே உண்மையில் எவ்வளவு எடை இருந்ததோ அவ்வளவையும் அது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தூண் எவ்வளவு விசை தந்தாகணும் என்பதைத்தான் சமநிலைச் சமன்பாடு சொல்லும். அந்தத் தூணால் அதைத் தர முடியுமா என்று சொல்லாது. அதற்குத் தூணின் பருமன், கான்கிரீட்டின் தரம், கம்பி எல்லாம் பார்க்கணும். பொறியாளர்கள் எதிர்பாராத சுமைக்காகக் கூடுதல் பலம் வைத்துத்தான் வடிவமைப்பாங்க. அந்தக் கூடுதல் பலம் இங்கே சொந்த எடையைத் தாங்குவதற்கே செலவாகிவிட்டது. மிச்சம் என்று எதுவும் இல்லை.

பிறகு வங்கியில் பாதுகாப்பு அறை வந்தது, மொட்டை மாடியில் குளிர்சாதன இயந்திரங்கள் வந்தன, வெளிச்சுவரில் டைல்ஸ் ஒட்டினாங்க. விட்டுப்போன சொந்த எடையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சின்னது. ஆனா எல்லை வரை நிறைந்த தூணுக்குச் சின்னது என்று ஒன்று கிடையாது. தொடர்ந்து அதிக அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட்டில் வெடிப்புகள் மெல்ல மெல்ல வளரும். ஒரு தூண் பலம் இழந்தால் முதல் நிபந்தனை விட்டுவிடாது: அது தாங்கிய சுமையைப் பக்கத்துத் தூண்கள் எடுத்தாகணும். அவையும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவை. ஒன்று, அடுத்தது, அடுத்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

இதற்குப் பிறகு எழுபதுகளில் கட்டிய கட்டடங்களைச் சோதித்தாங்க. 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இப்போது சிங்கப்பூரில் ஒரு பொறியாளர் போட்ட கட்டமைப்புக் கணக்கை, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சரிபார்க்கணும். குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் ஆய்வு செய்யணும். பாலியிலோ பல்கலைக்கழகத்திலோ சிவில் எடுக்கப் போகிறவர்கள் முதல் வருஷத்திலேயே 'நிலைச் சுமை', 'நடமாடும் சுமை' என்று ரெண்டு பத்தி போட்டு எழுதப் பழகுவீங்க. சொந்த எடை முதல் பத்தியில் முதல் வரி.

நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. பொருளைத் தனியாக வரைஞ்சுக்கோ. வேறு எதையும் தொடாமல் முதலில் அதன் சொந்த எடையை ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரை. அப்புறம் அந்தப் பொருளைச் சுற்றி விரலால் ஒரு சுற்று போ. எங்கெல்லாம் வேறொரு பொருள் தொடுதோ அங்கெல்லாம் ஒரு விசை. அதற்குப் பிறகுதான் சமன்பாடு. கேள்வித்தாளில் "எடையற்ற" என்று அச்சடித்திருந்தால் மட்டும் முதல் அம்பை அழி.

செய்து பார்க்க ஒரு கணக்கு. கோயில் அன்னதானத்துக்கு 40 கிலோ அண்டாவை, 2 மீட்டர் நீளமும் 5 கிலோ எடையும் உள்ள கம்பில் தொங்கவிட்டு ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையில் தூக்குறாங்க. அண்டா, முன்னால் போகும் அண்ணனிடமிருந்து 0.8 மீட்டரில் தொங்குது. ஒவ்வொருவர் தோளிலும் எவ்வளவு விசை? கம்பின் எடை இல்லாமல் முதலில் போடுங்க, பிறகு சேர்த்துப் போடுங்க. சேர்த்துப் போட்டால் அண்ணனுக்கு 265 நியூட்டன், பின்னால் வரும் தம்பிக்கு 185 நியூட்டன் வரணும்.